தொட்டிகள் நிரம்பிய காலை

பீர்க்கன்கரணை
5.2.2024, திங்கள்

ஹேமாவதிக்கு அம்மா எழுதுவது.

அன்புள்ள என்று போடவில்லை. போடவும் மாட்டேன். தீபாவளியன்று காலை எட்டேகால் மணிக்கு என் வாசலில் நீ செருப்பு மாட்டியபோது, இனி உன்னோடு ஒரு வார்த்தை பேசினால் நான் அஞ்சம்மாள் இல்லை என்றேன். அதில் மாற்றமில்லை. ராஜகீழ்ப்பாக்கத்துக்கு ஒரு பஸ் மாறினால் வந்துவிடலாம், போன் இருக்கிறது, எல்லாம் தெரியும். தபாலில்தான் போடுகிறேன். கடுதாசி பேச்சில் சேராது.

நீ மறந்திருப்பாய். உன் அப்பா பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆன மனிதன். கரும்பச்சையில் கோடு போட்ட புதுச் சட்டை. உன் மாமனாரும் மாமியாரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். வலது கை செத்துத் தொங்குகிறது. "யாரும் கை வைக்காதீங்க, அப்பாவே போட்டுப்பார்" என்று சொல்லிவிட்டு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாய். நாற்பது நிமிடம். மூன்றாவது பட்டனில் அவர் அழுதுவிட்டார். அப்போதும் நீ எழுந்திருக்கவில்லை. உன் மாமியார் தலையைக் குனிந்துகொண்டு அதிரசத்தைப் பிட்டுக்கொண்டிருந்தாள். நான் வந்துதான் மிச்சப் பட்டனைப் போட்டேன். நாலரை வருஷம் படித்தது, பெற்ற அப்பனைச் சபையில் அழவைக்கத்தானா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பா பதினோரு நாளாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். ஊட்டினால் சோற்றைக் கன்னத்தில் அடக்கிவைத்துக்கொள்கிறார், விழுங்குவதில்லை. மறுபடி ஸ்கேன் எடுத்தாயிற்று, புதிதாக ஒன்றுமில்லையாம். மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பிசியோகாரர் வந்து கையைத் தூக்கி இறக்கிவிட்டுப் போகிறார். மனிதன் நாளுக்கு நாள் கரைகிறார்.

உன் படிப்பில் இதற்கு ஏதாவது இருந்தால் எழுது. நேரில் வர வேண்டாம்.

அஞ்சம்மாள்


ராஜகீழ்ப்பாக்கம்
10.2.2024

அம்மாவுக்கு,

அப்பா சாப்பிடவில்லை என்பதைப் பதினோரு நாள் கழித்து, அதுவும் தபாலில் சொல்கிறாய். தம்பி முகிலனிடம் கேட்கும்போதெல்லாம் "எல்லாம் ஓகேக்கா" என்கிறான். நீ அப்படிச் சொல்லச் சொல்லியிருப்பாய்.

தீபாவளியைப் பற்றி இப்போது எழுதவில்லை. எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது என் வேலை என்ன என்று கேட்டிருக்கிறாயா? முகிலன் சிறுசேரியில் என்ன செய்கிறான் என்று உனக்குத் தெரியாது. ஆனாலும் கம்பெனி பெயரை மூச்சுவிடாமல் சொல்வாய். என்னைப் பற்றிக் கேட்டால் "ஆஸ்பத்திரியில இருக்கா" என்று முடித்துவிடுவாய். நர்ஸா என்று கேட்டால் தலையாட்டியும் இருக்கிறாய்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பிசியோ செய்பவர் கையை அசையவைப்பார். நான், அந்தக் கையை வைத்துக்கொண்டு இந்த மனிதர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பேன். கை அசையவே போவதில்லை என்றாலும் அந்தக் கேள்வியைக் கேட்பேன்.

எனக்கு ஒரு உதவி செய். அப்பாவின் ஒரு நாளை எழுதி அனுப்பு. காலையிலிருந்து படுக்கும்வரை, ஒன்று விடாமல். உன் ஞாபகம் எனக்குத் தெரியும்.

ஹேமா


பீர்க்கன்கரணை
16.2.2024, வெள்ளி

ஹேமாவதிக்கு,

சோதனை வைக்கிறாயா? எழுதிக்கொள்.

ஐந்தரைக்கு எழுப்பி, விரலால் பல் தேய்த்துவிடுகிறேன். ஆறு மணிக்குக் காபி, ஆற்றி, துண்டை மார்பில் போட்டு, நானே புகட்டுகிறேன். ஏழுக்கு வெந்நீரில் குளிப்பாட்டுகிறேன். எட்டரைக்கு இட்லியைப் பாலில் பிசைந்து ஊட்டுகிறேன். பத்துக்குப் பிசியோகாரர். பிறகு டிவி போட்டுவிடுகிறேன். ஒரு மணிக்குக் குழைந்த சோறு. தூங்கவைக்கிறேன். நாலுக்குக் கஞ்சி. ஐந்துக்கு முகம் துடைத்து விபூதி வைக்கிறேன். ஏழரைக்கு மறுபடி இட்லி. எட்டரைக்குப் படுக்கவைத்துக் காலுக்கு எண்ணெய் தடவுகிறேன். நடுவில் மூத்திரம், மலம் எல்லாம் நான்தான். ஆள் வைக்கிறேன் என்றான் முகிலன். என் புருஷன் உடம்பை இன்னொருத்தி தொடுவதா?

ஒரு துரும்பைக்கூட அவரை எடுக்க விடுவதில்லை. மோட்டார் போடுகிற வேலை ஒன்று இருந்தது, உனக்குத் தெரியும். போர் தண்ணீரை மேல் போர்ஷனுக்கு இருபது நிமிடம், பின் போர்ஷனுக்கு இருபது நிமிடம், நமக்கு இருபது நிமிடம் என்று வால்வு திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பாரே, பத்தொன்பது வருஷமாக. இனி அந்தக் கவலையும் அவருக்கு வேண்டாமென்று பொங்கல் கழித்து முகிலன் ஆட்டோமேடிக் மாட்டிக்கொடுத்துவிட்டான். மூன்று வால்வும் திறந்தே கிடக்கிறது. தானே ஓடுகிறது, தொட்டிகள் நிரம்பினால் தானே நிற்கிறது.

இதற்கு மேல் ஒரு பெண்டாட்டி என்ன செய்ய முடியும், சொல்.

அஞ்சம்மாள்


ராஜகீழ்ப்பாக்கம்
22.2.2024

அம்மாவுக்கு,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். நீ தேய்க்கிறாய், புகட்டுகிறாய், ஊட்டுகிறாய், தூங்கவைக்கிறாய். அந்த நாளில் அப்பா எங்கே இருக்கிறார்? அவர் செய்ததாக நீ எழுதியிருப்பது ஒன்றுதான், அதுவும் முதல் கடிதத்தில். சோற்றைக் கன்னத்தில் அடக்கிவைத்துக்கொள்வது. அவரிடம் மிச்சம் இருக்கிற ஒரே வேலை அதுதான், அம்மா. அதை அவர் செய்கிறார்.

கோபப்படாதே. உன்னைப் போலப் பார்த்துக்கொள்கிறவர்களை என் சென்டரில் தினமும் பார்க்கிறேன். அன்பில் குறையே சொல்ல முடியாது.

எங்கள் படிப்பின் அடிப்படை இதுதான். மனிதன் எதையாவது செய்துகொண்டிருக்கிற பிராணி. சம்பளத்துக்கான உத்தியோகத்தைச் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் கை தானாகப் போகிற காரியம் ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும். ஒருவருக்குக் கோலம், ஒருவருக்குக் கணக்கு நோட்டு, ஒருவருக்கு வண்டி துடைப்பது. அதைச் செய்வதால்தான் அவர் தனக்குத் தானே அடையாளம் தெரிகிறார். உடம்பு சரியான பிறகு அதைச் செய்யலாம் என்று தள்ளிப்போடுகிறோம். அதைச் செய்யச் செய்யத்தான் ஆள் திரும்பி வருகிறார். கை மாறாவிட்டால் காரியத்தை மாற்றுவோம், பிடியை மாற்றுவோம், நாற்காலியின் உயரத்தை மாற்றுவோம். ஆனால் எந்தக் காரியம் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

இப்போது தீபாவளிக்கு வருகிறேன். மூன்று மாதமாக எனக்குத் தூக்கம் சரியில்லை. பட்டன் போடுவது எங்கள் பரீட்சைத் தாளில் இருக்கிற காரியம். அதனால் அப்பாவுக்கும் அதைக் கொடுத்தேன். அவர் வாழ்க்கையில் பாதி நாள் சட்டையே போட்டதில்லை, தோளில் துண்டுதான். என் மாமனார் முன்னால் என் படிப்பைக் காட்ட வேண்டியிருந்தது எனக்கு. அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ என்னை வெளியே அனுப்பியது சரிதான். காரணம்தான் வேறு.

நீயாவது கேள். "காபி வேணுமா" என்று கேட்காதே. என்ன செய்யணும் என்று கேள். கேட்டுவிட்டுக் காத்திரு. அவருக்கு வார்த்தை வர நேரமாகும்.

ஹேமா


பீர்க்கன்கரணை
4.3.2024, திங்கள்

ஹேமாவதிக்கு,

பிராணி என்று எழுதியிருக்கிறாய், பெற்ற அப்பனை. அதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்கிறேன்.

கேட்டேன். "இன்னாய்யா செய்யணும் உனுக்கு? வாயத் தொறந்து சொல்லு" என்றேன். சுவரிலிருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பைத்தியமா உனக்கு என்கிற பார்வை. நானும் நீ சொன்னபடி உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம்.

மறுநாள் ஐந்தரைக்கு ஆட்டோமேடிக் மோட்டார் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அப்போதுதான் கவனித்தேன். அதுவரை மல்லாந்து படுத்திருந்தவர், சத்தம் கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மோட்டார் நின்றதும் இடது கையால் ஜன்னல் பக்கம் காட்டினார். வெளியே கொல்லைப்புறம். "கொய்யா வேணுமா?" தலையாட்டல். "காத்தா?" இல்லை. "யாராச்சும் வந்துகிறாங்களா?" கையால் படுக்கையில் அறைந்தார். இரண்டு நாள் இப்படியே. மூன்றாம் நாள் கையை முறுக்கிக் காட்டினார், வால்வு திறக்கிற மாதிரி. கண்ணில் ஒரு கெஞ்சல். கல்யாணம் பண்ணி நாற்பத்தொரு வருஷத்தில் என்னிடம் எதற்கும் கெஞ்சாத மனிதன்.

முடியாது. அங்கே பாசி, சிமெண்டுத் தரை. வால்வு துருப்பிடித்து எனக்கே திரும்பாது. குடித்தனக்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். வேறு ஏதாவது சொல்.

அஞ்சம்மாள்


ராஜகீழ்ப்பாக்கம்
9.3.2024

அம்மாவுக்கு,

வேறு எதுவும் இல்லை. அவர் சொல்லிவிட்டார்.

விழுவாரா என்று கேட்பாய். விழலாம். நான் பொய் சொல்ல மாட்டேன். படுக்கையில் கிடந்தால் விழ மாட்டார், அது நிச்சயம்.

கதிரேசன் என்று ஒரு பிளம்பர் வருவார். எங்கள் சென்டருக்கு வேலை செய்பவர், அவருக்கு எல்லாம் வரைந்து கொடுத்திருக்கிறேன். துருப்பிடித்த மூன்று வால்வையும் கழற்றிவிட்டு, கைப்பிடியைத் தள்ளினால் திறக்கிற மாதிரி மாட்டுவார். இடது கையே போதும். கொல்லைக் கதவிலிருந்து வால்வுவரை சுவரோரம் ஒரு கம்பி, கை வைத்த நாற்காலி ஒன்று. பாசியை மட்டும் நீ தேய்த்துவிடு. ஆட்டோமேடிக்கை அணைத்துவிடு.

பக்கத்தில் நில், தொடாதே. எவ்வளவு நேரமானாலும்.

ஹேமா


பீர்க்கன்கரணை
14.4.2024, ஞாயிறு, வருஷப் பிறப்பு

ஹேமாவதிக்கு,

கதிரேசன் வந்து எல்லாம் மாட்டிவிட்டுப் போனார், ஆட்டோமேடிக்கை அணைத்தேன். முதல் நாள் கதவிலிருந்து வால்வுக்குப் போகவே இருபத்திரண்டு நிமிடம். நாலாம் நாள் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுவரில் தோளைச் சிராய்த்துக்கொண்டார். நான் பாய்ந்தேன். இடது கையைத் தூக்கி, நில் என்று காட்டினார். நின்றேன். பத்தாம் நாள் மூன்று தொட்டியும் அவர் கையால் நிரம்பியது. அன்று மதியம் சோற்றைக் கேட்டு வாங்கினார்.

இப்போது ஊருக்கே வேடிக்கை. மேல் போர்ஷன் ஏஞ்சல் காலையில் பக்கெட்டோடு வந்து நிற்கிறாள். "நைனா, இன்னிக்கு எங்க லைனுக்கு அஞ்சு நிமிசம் சேத்து வுடு நைனா. தங்கச்சி வந்துகீறா."

உன் அப்பா யோசிக்கிறார். "நேத்... நேத்து... வுட்டேன்."

"அய்ய, இன்னா மன்சன்பா நீ! என் பேரு சொல்ல வர்ல, நேத்து சேத்து வுட்டது மட்டும் ஞாபகம் கீதா?"

பின் போர்ஷன் பிரிட்டோ ஆட்டோ துடைத்துக்கொண்டே, "அக்கா, அவருக்கு மண்டைல எல்லா ஒயரும் கட்டாயிட்ச்சு, தண்ணி ஒயரு மட்டும் இன்னும் கரண்ட்ல கீது" என்கிறான். உன் அப்பா பாதி வாயால் சிரித்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு. அவன் லைனுக்கு ஐந்து நிமிடம் கூடுதலாக விட்டார்.

இது நல்ல செய்தி. நீ கேட்டது. நான் கேட்காததும் ஒன்று நடக்கிறது.

வியாழக்கிழமை ஊட்டப் போனேன். கரண்டியை என் கையிலிருந்து பிடுங்கினார், இடது கையால். இடது கையால் சோறு தின்பதா, இந்த வீட்டில்? கழுவுகிற கையால்? திருப்பி வாங்கப் போனேன். என் கையைத் தள்ளிவிட்டார். ரசம் சோறு என் புடவையில் கொட்டியது. சல்லடை திருப்பிக் கொடுக்க வந்த ஏஞ்சல் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். "வேணாம்" என்றார். தெளிவாக. எட்டு மாதத்தில் அவர் வாயிலிருந்து ஒடியாமல் வந்த முதல் வார்த்தை. அது எனக்கு.

மதியம் முழுவதும் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் துணிகளை எல்லாம் எடுத்து மறுபடி மடித்துவைத்தேன்.

அஞ்சம்மாள்


ராஜகீழ்ப்பாக்கம்
20.4.2024

அம்மாவுக்கு,

சென்டரில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஏஞ்சல் பேசியதற்கு எல்லோரும் சிரித்தார்கள், எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது.

"வேணாம்" என்றது நல்லது, அம்மா. வேண்டாம் என்று சொல்ல முடிகிறவர்தான் ஒன்றை வேண்டும் என்றும் சொல்வார். இடது கையால் சாப்பிடட்டும். அவருக்கு இனி அதுதான் கை. விளிம்பு உயர்ந்த தட்டு ஒன்று அனுப்புகிறேன், சிந்தாது.

உன் நாளும் காலியாகிவிட்டது என்று புரிகிறது. அதைப் பற்றி நிறைய எழுத வேண்டும். இன்று ஆட்கள் காத்திருக்கிறார்கள், அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வந்து, தெருவில் நின்றாவது, அவர் வால்வு திறப்பதைப் பார்க்கலாமா?

ஹேமா


பீர்க்கன்கரணை
2.6.2024, ஞாயிறு

ஹேமாவதிக்கு,

உன் அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று நீ முகிலனிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "நல்லாதானே போய்க்கிட்டிருந்தது, ஏன் வால்வு பக்கம் போறதை நிறுத்தினார்?" அவன் காய்ச்சல் என்றான். நான்தான் அவனுக்கு அப்படிச் சொல்லியிருந்தேன். காய்ச்சல் இல்லை.

மே மாதம் இரண்டாம் தேதி வியாழன். நீ அனுப்பிய தட்டில் தயிர் சோறு தின்றுகொண்டிருந்தார். மார்பில் கொஞ்சம் சிந்தியது. துடைக்கக் குனிந்தேன். "போ" என்றார். பிரிட்டோ வாடகை கொடுக்க வந்து நின்றிருந்தான். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மூத்திரத் துணி அலசிய கை இது. போ என்றால் எங்கே போவது?

மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்தேன். மூன்று வால்வையும் என் கையால் திறந்தேன். ஆட்டோமேடிக்கைப் போட்டேன். ஆறு மணிக்குள் மூன்று தொட்டியும் நிரம்பி மோட்டார் நின்றுவிட்டது.

ஆறே பத்துக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் பிடியைத் தள்ளப் போனார், அது ஏற்கெனவே திறந்திருந்தது. இரண்டாவதும். மூன்றாவதும். மேலே தொட்டியைப் பார்த்தார். மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். ஏஞ்சல் மாடியிலிருந்து, "நைனா, தண்ணி ரொம்பிட்ச்சு, இன்னிக்கு உனுக்கு லீவு!" என்று சிரித்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். அவர் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. பதினான்கு நிமிடம்.

சனிக்கிழமையும் அப்படியே செய்தேன். அன்று மூன்று நிமிடத்தில் திரும்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையும் செய்தேன். அன்று அவர் எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை எனக்கே பயம் வந்துவிட்டது. ஆட்டோமேடிக்கை அணைத்தேன், வால்வுகளை மூடினேன், நாற்காலியைத் துடைத்து வைத்தேன். "யோவ், தண்ணி இல்ல, குடித்தனக்காரங்க கேக்குறாங்க, வா" என்றேன். கண்ணைத் திறந்து பார்த்தார். மூடிக்கொண்டார்.

அன்றிலிருந்து நான் ஊட்டியதற்கெல்லாம் வாயைத் திறந்தார். தள்ளவில்லை. அடக்கிவைக்கவில்லை. விழுங்கினார். குளிப்பாட்டினேன், குளித்தார். நான் கேட்டது அதுதானே. எட்டு நாள் அப்படிக் கொடுத்தார். பதினான்காம் தேதி காலை இரண்டாவது அடி வந்து, ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது.

முகிலனிடம் சொல்ல மாட்டேன். உன்னிடம் சொல்லிவிட்டேன். நீ இதைப் படித்தவள். நான் செய்ததுதானா காரணம் என்று எழுது.

அஞ்சம்மாள்


ராஜகீழ்ப்பாக்கம்
9.6.2024

அம்மாவுக்கு,

நாலு நாள் உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன்.

ஒரு முறை பக்கவாதம் வந்தவருக்கு மறுபடி வருவது சகஜம். ரத்த அழுத்தம், வயது, வெயில் என்று எத்தனையோ காரணம் உண்டு. யாராலும் ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. சென்டருக்கு வருகிறவர்களின் வீட்டாரிடம் இதைச் சொல்லி, தோளில் கை வைத்து அனுப்புவேன். அது பொய்யும் இல்லை. உனக்கும் அதையே எழுதலாம் என்று மூன்று முறை உட்கார்ந்தேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன் என்று உன்னைப் பற்றி எழுதாமல் விட்டவள் நான். அவர் நாளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். உன் நாளை எடுத்துக்கொண்டதைக் கவனித்தேன், கவனித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அது என் பங்கு. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் பதினான்கு நிமிடம் என்று எழுதியிருக்கிறாய். உன் ஞாபகம் தப்பாது. அப்படியானால் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாய், கடிகாரத்தையும் அவரையும்.

ஒரு குழாயைத் திறந்துவிட்டிருக்கலாம், அம்மா. ஆட்டோமேடிக்கை அணைத்துவிட்டு, நம் தொட்டிக் குழாயை மட்டும். சாக்கடைக்குப் போனாலும் போயிருக்கட்டும். பத்து நிமிடத்தில் தொட்டி இறங்கியிருக்கும். அவருக்கு வேலை இருந்திருக்கும்.

ஹேமா